ஒரு ரியூப் எத்தனை நாளுக்கு வந்தது?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. கடற்றொழில் செய்கிறார். இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தோல் தடித்து வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. தோல் வைத்தியர் சொரியாசிஸ் என்று சொல்லி, குளோபெட்டசோல் 0.05 வீத ஒயின்மென்டை இரண்டு கிழமைக்குப் பூசிவிட்டு வந்து காட்டச் சொன்னார். பத்து நாளிலேயே மாறிவிட்டதால் நாங்கள் திரும்பப் போகவில்லை. பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி ஐந்து மாதமாகப் பூசுகிறார். நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வருகிறது. தொடை இடுக்கில் அரித்தபோது அங்கும் பூசினார். இப்போது சிவந்த கோடுகள் விழுந்திருக்கின்றன. 0.05 என்பது மிகச் சிறிய அளவுதானே? ஒன்பது வயது மகளின் கழுத்தில் வட்டமாக வந்த படைக்கும் இதையே பூசினேன். கடி அடங்கியது, படை பெருத்துவிட்டது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் மாறும் என்று சிலர் சொல்கிறார்கள். சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு அவர் கோணேசர் கோவிலுக்கும் வருவதில்லை.
– பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தங்கச்சி, மகளிடமிருந்து தொடங்குகிறேன். அந்த ஒயின்மென்டை இன்றிலிருந்து பிள்ளையின் கழுத்தில் பூசாதீர்கள். வட்டமாக எழுந்து, விளிம்பால் வெளியே பரவும் படை பெரும்பாலும் படர்தாமரை. அது பங்கசுத் தொற்று. நீங்கள் பூசிய குளோபெட்டசோல் ஸ்டீரொய்ட் வகை மருந்து. அது தோலின் எதிர்ப்பை அடக்குகிறது. அதனால் சிவப்பும் கடியும் குறைந்து சுகம் வந்தது போலத் தெரியும். உள்ளே பங்கசு தடையில்லாமல் வளரும். இப்படி மருந்து பட்ட படர்தாமரை உருமாறி, பழகிய கண்ணையும் ஏமாற்றிவிடும். ஆகவே வைத்தியரிடம் எதைப் பூசினீர்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தேவையென்றால் விளிம்பைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

0.05 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ஸ்டீரொய்டின் வீதத்தை இன்னொன்றின் வீதத்தோடு ஒப்பிடவே கூடாது. இந்தப் பூச்சு மருந்துகளை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கடைசிப் படியில் இருக்கிறது. 0.1 வீத பீட்டாமெதசோன் வலரேட் அதைவிட இரண்டு படி மேலே. உங்கள் வீட்டில் இருக்கும் 0.05 வீத குளோபெட்டசோல் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது. இதை உங்களுக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நான் 31 வருடம் மருந்தாளராக மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றவன். ஒயின்மென்ட் வாங்க வரும் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "போன ரியூப் எத்தனை நாளுக்கு வந்தது?" முழங்கால் இரண்டிலும் தடித்த செதிலோடு வந்த ஒரு முதியவர், 15 கிராம் ரியூப் மூன்று மாதம் வந்தது என்றார். பயத்தில் தொட்டுத் தொட்டுப் பூசியிருக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று நம்பியும் விட்டார். அதே கிழமை இன்னொருவருக்கு அதே அளவு ரியூப் நான்கு நாளில் தீர்ந்திருந்தது. இருவருக்கும் துண்டில் "பூசவும்" என்று மட்டுமே எழுதியிருந்தது.

அளவுக்கு உங்கள் விரலே போதும். பெரியவரின் சுட்டுவிரலில் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ரியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். உங்கள் கணவரின் செதில் எல்லாம் சேர்த்து நான்கு கை அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு தரம் பூச ஒரு கிராம். நாளுக்கு ஒரு தரம் என்றால் 15 கிராம் ரியூப் 15 நாள் வரும். இரண்டு கிழமை என்று வைத்தியர் சொன்னதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. குளோபெட்டசோலைக் கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் பூசக்கூடாது. அதிகமாகப் பூசினால் தோல்வழி இரத்தத்தில் சேர்ந்து, உடல் தானே சுரக்கும் ஸ்டீரொய்டைக் குறைத்துவிடும்.

சொரியாசிசில் தோல்கலங்கள் அவசரப்படுகின்றன. அடியில் பிறக்கும் கலம் மேலே வந்து உதிர வழமையாக ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும்; இந்த நோயில் சில நாட்களிலேயே வந்து குவிகிறது. குவிந்ததுதான் செதில். மருந்து அந்த அவசரத்தைத் தணிக்கும், நோயை வேரோடு பிடுங்காது. பலமான மருந்தை நாட்கணக்கில்லாமல் பூசிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்புவதும் உண்டு. உங்கள் வீட்டில் நடப்பது அதுவாகத்தான் தெரிகிறது.

தொடை இடுக்கில் இனி ஒரு துளியும் வேண்டாம். அங்கே தோல் மெல்லியது, தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். கோடுகளின் சிவப்பு காலப்போக்கில் மங்கும். ஆனால் தடம் முழுவதும் மறையாது. இதை உங்களிடம் ஒளிக்க எனக்கு மனமில்லை. முழங்கை, முழங்கால் மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இந்தக் கிழமையே தோல் கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போங்கள். வெறும் ரியூப்கள் கிடந்தால் அவற்றையும் பையில் போடுங்கள். எத்தனை முடிந்தன என்பது வைத்தியருக்குப் பெரிய தகவல். பலம் குறைந்த மருந்துக்கு இறக்கலாம், இடைவெளி விடச் சொல்லலாம், கல்சிபொட்ரியோல் போன்ற ஸ்டீரொய்ட் இல்லாத பூச்சையும் சேர்க்கலாம். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து நோகின்றனவா என்று அவரிடம் கேட்டு, அதையும் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டையும் பிடிக்கும். உடல் முழுவதும் சிவந்தாலோ, காய்ச்சலோடு சீழ்ப்பொட்டுகள் எழுந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

கடலுக்குப் போகிறவர் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். கயிறு உரஞ்சிய இடத்திலும் மீன்முள் கீறிய இடத்திலும் இந்தப் படை புதிதாக எழக்கூடும். கரைக்கு வந்ததும் உப்பு நீரை நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத பரபின் களிம்பு பூசட்டும். மருந்துக்கும் இதற்கும் அரை மணி நேர இடைவெளி வேண்டும். பரபின் ஊறிய சாரமும் துவாயும் சட்டென்று தீப்பிடிக்கும். பீடி, நுளம்புச் சுருள், விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கன்னியாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அந்த ஏழு கிணறுகளும் நம் மனத்தோடு கலந்தவை. சூடு குறைந்த கிணற்றில் சில வாளி அள்ளி ஊற்றிவிட்டு வரட்டும். வெந்நீரில் நெடுநேரம் குளித்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய் அரிப்புத்தான் கூடும்.

கோவிலுக்கு அவரை அழைத்துப் போங்கள். சொரியாசிஸ் தொற்றாது. ஒரே துவாயைப் பாவித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும், தோளோடு தோள் உரசி நின்றாலும் யாருக்கும் ஒட்டாது. சன்னிதியில் யாராவது விலகி நின்றால், இதைக் கேட்கும்படி அவர்களிடமே சொல்லுங்கள்.