மானிட்டர்ல கோடு நேரா போனா அவ்ளோதானா?

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சீரியல்ல வந்த அந்த ஒரு ஆபரேஷன் எபிசோடைப் பத்திதான். பார்க்காதவங்களுக்கு கதையை சுருக்கமா சொல்லிடறேன். பெரியம்மாவுக்கு நெஞ்சு வலி, பைபாஸ் (இதயத்து ரத்தக்குழாய்ல இருக்கற அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேற குழாயால மாத்துப்பாதை போடற ஆபரேஷன்) பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்றாங்க, வீட்ல எல்லாரும் சேர்ந்து "சும்மா ஒரு டெஸ்ட்டுதான்"னு பொய் சொல்லி அவங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, பேசாம இருந்த சின்ன மருமக கடைசி நேரத்துல ஓடி வந்து ரத்தம் கொடுக்கறா, தியேட்டருக்குள்ள மானிட்டர்ல இதயத் துடிப்பைக் காட்டற கோடு நேரா போகுது, ரெண்டு தடவை ஷாக் வைக்கறாங்க, உயிர் திரும்பி வருது. அடுத்த சீன்லயே பெரியம்மா கண்ணைத் திறந்து மருமக கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கறாங்க. அடுத்த நாள் எபிசோட் "மூன்று மாதங்களுக்குப் பிறகு"ன்னு ஆரம்பிக்குது. சரி, கேள்விகளுக்கு வரேன்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 64 வயசு. அடுத்த வாரம் பைபாஸ்னு தேதி குறிச்சாச்சு. இந்த எபிசோடைப் பார்த்தவங்க, அந்தக் கோடு நேரா போன இடத்துல டிவியை ஆஃப் பண்ணிட்டு எழுந்து போயிட்டாங்க. "எனக்கு ஆபரேஷனே வேண்டாம், இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்"னு ஒரே பிடிவாதம். நான் என்ன சொல்லி புரிய வைக்கறது?

பதில்: முதல்ல "அது வெறும் சீரியல்மா, விடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சீரியல் கற்பனைன்னு அவங்களுக்கும் தெரியும், ஆனா அவங்க நெஞ்சை அறுக்கப் போறது நிஜம், அந்த பயத்துக்கு விடை உங்ககிட்ட இருக்கான்னுதான் அவங்க பார்க்கறாங்க. அதனால எந்தக் கோட்டைப் பார்த்து பயந்தாங்களோ அந்தக் கோட்டுலேருந்தே பேச்சை ஆரம்பிங்க.

பல பைபாஸ் ஆபரேஷன்ல இதயத்தை டாக்டருங்களே வேணும்னேதான் நிறுத்துவாங்க. பொட்டாசியம் அதிகமா இருக்கற ஒரு கரைசலைச் செலுத்தினதும் இதயம் துடிக்கறதை நிறுத்திட்டு அமைதியாயிடும், அப்போ மானிட்டர்ல கோடு நேராத்தான் போகும், யாரும் பதறி ஓட மாட்டாங்க. ஏன்னா அந்த நேரத்துல ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்து, திரும்ப உடம்பு முழுக்க அனுப்பற வேலையை ஹார்ட் லங் மெஷின் பார்த்துக்கும், அதை இயக்கறதுக்குன்னே தனியா படிச்சு வந்த ஒருத்தர் பக்கத்துலயே உக்கார்ந்து கண்ணெடுக்காம பார்த்துட்டு இருப்பார். ரெண்டு மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும் இதயத்தோட ரத்தக்குழாய், அதுல தையல் போடணும்னா இதயம் அசையாம இருக்கணும் இல்லையா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. தையல் முடிஞ்சதும் பழையபடி ரத்தம் உள்ளே பாய, இதயம் திரும்ப துடிக்க ஆரம்பிக்கும். சில சமயம் அதுவா துடிக்கும், சில சமயம் லேசா தூண்டி விடுவாங்க. நிறைய பேருக்கு இதயத்தை நிறுத்தாமலே செய்வாங்க, உங்க அம்மாவுக்கு எந்த முறைன்னு சர்ஜன்கிட்ட கேட்டுக்கங்க, அம்மாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேளுங்க.

இந்த மெஷின் பிறந்த கதையும் உங்க அம்மாகிட்ட சொல்லலாம். ஜான் கிப்பன்னு அமெரிக்காவுல ஒரு டாக்டர். 1930-களோட தொடக்கத்துல, நுரையீரல் ரத்தக்குழாய் அடைச்சுப்போன ஒரு பேஷன்ட் பக்கத்துல ராத்திரி முழுக்க உக்கார்ந்திருக்கார், கண்ணு முன்னாடியே அந்தம்மாவோட நிலைமை மோசமாயிட்டே போகுது, கடைசியில காப்பாத்த முடியலை. கொஞ்ச நேரம் இந்த ரத்தத்தை வெளியே எடுத்து சுத்திகரிச்சு உள்ளே அனுப்ப ஒரு வழி இருந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்கு அவர் மனசுல விழுந்த எண்ணத்தை, அவரும் அவர் மனைவி மேரியும் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல விடாம துரத்தினாங்க. 1953 மே 6-ந்தேதி, 18 வயசுப் பொண்ணு ஒருத்திக்கு இதயத்துல இருந்த ஓட்டையை அந்த மெஷின் துணையோட மூடினார், அந்தப் பொண்ணு பிழைச்சா.

அந்த ஷாக் சீனைப் பத்தியும் சொல்லிடணும். கோடு முழுசா நேரானா ஷாக் வைக்கறதுல பலன் கிடையாது. இதயம் தாறுமாறா, ஒழுங்கில்லாம துடிக்கும்போது அந்தக் குழப்பத்தை நிறுத்தி சரியான தாளத்துக்குக் கொண்டு வரத்தான் ஷாக். ஒருத்தருக்கு திடீர்னு இதயம் நின்னு நேர் கோடு வந்தா மார்பை நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை அழுத்தி, அட்ரினலின் கொடுப்பாங்க. டிவியில காட்டறது பார்க்க விறுவிறுப்பா இருக்குங்கறதுக்காக.

"ஆபத்தே இல்லைம்மா"ன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க. தேதி குறிச்சு, தயார் பண்ணி செய்யற பைபாஸ்ல நல்ல சென்டர்கள்ல நூத்துக்கு ஒண்ணுலேருந்து மூணு பேர் வரைக்கும் இறக்க வாய்ப்பு இருக்கு, வயசு, கிட்னி, சர்க்கரை, இதயம் எவ்ளோ பலமா இருக்குங்கறதைப் பொறுத்து அது மாறும். ஆபரேஷன் பண்ணாம விட்டா என்ன ஆகும்ங்கறதையும் டாக்டர் வாயாலயே கேட்கட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து அவங்களே முடிவெடுக்கட்டும், கையெழுத்து போட வேண்டியதும் அவங்கதானே.

இன்னொண்ணு, தியேட்டருக்குள்ள போனதும் "உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன்"னு ஆளாளுக்கு திரும்பத் திரும்ப கேப்பாங்க. இவங்களுக்கே எதுவும் தெரியலையோன்னு அம்மா பயந்துடப் போறாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. 2008-ல உலக சுகாதார நிறுவனம் 19 விஷயங்கள் கொண்ட ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி, வெளியே கொண்டு வர்றதுக்கு முன்னாடின்னு மூணு கட்டமா சரி பார்ப்பாங்க. எட்டு ஊர் ஆஸ்பத்திரிகள்ல அதை நடைமுறைப்படுத்திப் பார்த்தப்போ ஆபரேஷனுக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்துலேருந்து 0.8-க்கு குறைஞ்சதா 2009-ல முடிவு வந்துச்சு. பேர் கேக்கற அந்தக் கேள்வி அவங்களுக்கான பாதுகாப்பு.

கேள்வி: சொந்தக்காரங்க ரத்தம்தான் உடம்புக்கு ஒத்துக்கும்னு அந்த சீரியல்ல டாக்டரே சொல்றார். எங்க மாமாவுக்கு ஆபரேஷன், நாங்க அண்ணன் தம்பி மூணு பேரும் ரத்தம் கொடுக்க ரெடியா நிக்கறோம், ஆனா பிளட் பேங்க்ல எங்க ரத்தத்தை அப்படியே ஏத்த மாட்டோம்ங்கறாங்க. ஏன்?

பதில்: உங்க மனசு ரொம்பப் பெருசு தம்பி, முதல்ல அதுக்கு நன்றி. பிளட் பேங்க்ல சொல்றதுதான் சரி. ரத்தத்துக்கு குரூப் இருக்குன்னு கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல எழுதினதுக்கு அப்புறம்தான் யார் ரத்தம் யாருக்கு சேரும்னே புரிய ஆரம்பிச்சுது. அதுல உறவுமுறைக்கு எந்த வேலையும் இல்லை, முகம் தெரியாத ஒருத்தரோட ரத்தம் கச்சிதமா சேரும், கூடப் பிறந்தவரோடது சேராம போகலாம்.

அதைவிட முக்கியமான ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியறதே இல்லை. நெருங்கின ரத்த சொந்தத்தோட ரத்தத்தை அப்படியே ஏத்தறதுல ஒரு அபூர்வமான, ஆனா உயிரையே எடுக்கற ஆபத்து இருக்கு. கொடுக்கறவரோட வெள்ளை அணுக்கள் பார்க்க "நம்ம வீட்டு ஆள்" மாதிரியே இருக்கறதால பேஷன்ட்டோட உடம்பு அதுங்களைத் துரத்தாது, அதுங்க உள்ளேயே தங்கி பேஷன்ட்டோட உடம்பைத் தாக்க ஆரம்பிச்சுடும். அதனாலதான் சொந்தத்தோட ரத்தம்னா கதிர்வீச்சு கொடுத்து அந்த அணுக்களை செயலிழக்க வெச்ச பிறகுதான் ஏத்தணும். பக்கத்து பெட்டுல படுத்து கையிலேருந்து கைக்கு குழாய் போடற சீனெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின கதை, இப்போ எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணி, சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட்னு தனித்தனியா பிரிச்சுதான் வெச்சிருப்பாங்க. நீங்க மூணு பேரும் கண்டிப்பா கொடுங்க. உங்க ரத்தம் வேற ஒரு வீட்டு மாமாவுக்குப் போகட்டும், உங்க மாமாவுக்கு இன்னொருத்தரோடது வரட்டும்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிஜமாவே சிவப்பு லைட் எரியுமா? டாக்டர் "24 மணி நேரம் போகட்டும்"னு சொல்றாரே, அது என்ன கணக்கு?

பதில்: லைட் சில இடத்துல இருக்கும், சில இடத்துல இருக்காது. பல இடத்துல வெளியே உக்கார்ந்திருக்கற நமக்கு ஒரு மூடின கதவுதான். எங்க அப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போனப்போ ஒரு நர்ஸ் வந்து பிளாஸ்டிக் கவர் ஒண்ணை என் கையில கொடுத்தாங்க. அதுல அப்பாவோட வாட்ச், கண்ணாடி, ஈரத்தோட பல் செட். வாட்ச் ஓடிட்டே இருந்துச்சு. அஞ்சு மணி நேரம் அந்தக் கவரை மடியில வெச்சுக்கிட்டே உக்கார்ந்திருந்தேன்.

24 மணி நேரத்துல அர்த்தம் இருக்கு. ரத்தக் கசிவு, பிபி, துடிப்புல வர்ற மாற்றம் இதெல்லாம் முதல் நாள்ல உன்னிப்பா கவனிக்க வேண்டியது. ஆனா அது ஒரு கெடு மாதிரி கிடையாது, பைபாஸுக்கு அப்புறம் ரெண்டாவது மூணாவது நாள்ல மூணு பேர்ல ஒருத்தருக்கு கிட்ட இதயத் துடிப்பு தாறுமாறாகும், பெரும்பாலும் மருந்துலயே சரியாயிடும். கண் திறந்ததும் பேசறதும் நடக்காது, தொண்டைக்குள்ள மூச்சுக் குழாய் இருக்கும், கையைத்தான் அழுத்துவாங்க. வயசானவங்க ரெண்டு மூணு நாள் சம்பந்தமில்லாம பேசலாம், உங்களையே யாருன்னு கேக்கலாம், அதுவும் பெரும்பாலும் தானா தெளியும். கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் திருப்பி மாட்டி விடுங்க, பக்கத்துல தெரிஞ்ச முகம் இருக்கட்டும்.

கேள்வி: அந்த சீரியல் மாதிரி எங்க வீட்லயும் பாட்டிகிட்ட கேன்சர்னு சொல்லாம "கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்"னு சொல்லியிருக்கோம். அதிர்ச்சி தாங்க மாட்டாங்கன்னுதான். தப்பா?

பதில்: பாசத்துலதான் செய்யறீங்க, அது எனக்குப் புரியுது, எங்க வீட்லயும் இதேதான் செஞ்சோம். எங்க அத்தைக்கு கர்ப்பப்பை எடுத்தப்போ பயாப்ஸி ரிசல்ட்டை பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தோம். வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும், மத்தியானம் எல்லாரும் தூங்கறப்போ அத்தை அந்த ஃபைலை எடுத்து, விரலை வரி வரியா ஓட்டி படிச்சுட்டு, என்னை எழுப்பி ஒரே ஒரு வார்த்தை மேல விரலை வெச்சு "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"னு கேட்டாங்க. நான் பேசலை. "நீங்க எல்லாரும் தனித்தனியா கிச்சன்ல நின்னு அழுதது எனக்கு கேட்டுச்சு, நான்தான் கேக்காத மாதிரி இருந்தேன்"னாங்க. அதுவரைக்கும் அந்த பயத்தை அத்தை தனியாவே சுமந்திருக்காங்க.

சொல்லிடுங்க. ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்ட வேண்டாம், "உங்களுக்கு என்னன்னு நினைக்கறீங்க பாட்டி?"ன்னு முதல்ல கேளுங்க, பாதி அவங்களே சொல்லுவாங்க. எவ்ளோ தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறாங்களோ அவ்ளோ சொல்லுங்க, எதுவும் தெரிய வேண்டாம்னு அவங்களே சொன்னா அதுவும் அவங்க உரிமைதான். டாக்டரையும் கூட வெச்சுக்கங்க.

கேள்வி: என் மனைவிக்கு பைபாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து 12 நாள் ஆச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்றார், ஆனா காரணமே இல்லாம அழறாங்க, ராத்திரி தூக்கம் இல்லை, என்மேல எரிஞ்சு விழறாங்க. சீரியல்ல அடுத்த எபிசோடே அந்தம்மா வீட்டை ஓடியாடி பார்த்துக்கறாங்க. எங்க வீட்ல மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்க வீட்ல மட்டும் இல்லைங்க. அந்த "மூன்று மாதங்களுக்குப் பிறகு"ங்கற கார்டைப் பார்த்தப்போ எனக்கு கோபமே வந்துச்சு, ஏன்னா அந்த மூணு மாசத்துலதான் குடும்பம் தேவைப்படுது, அதைத்தான் வெட்டி எடுத்துட்டாங்க. நடு நெஞ்செலும்பை அறுத்து, ஸ்டீல் கம்பியால சேர்த்துக் கட்டியிருக்காங்க, அது கூடறதுக்கு ஆறுலேருந்து எட்டு வாரம், முழு பலம் வர மூணு மாசம் வரைக்கும் ஆகும். கால்லேருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தா அந்தக் காலும் வீங்கும், மரத்துப் போகும். இருமினா, தும்மினா நெஞ்சு பிளக்கற மாதிரி இருக்கும். எங்க அப்பா ஒரு சின்ன தலையணையை எப்பவும் பக்கத்துலயே வெச்சிருப்பார், இருமல் வர்றது தெரிஞ்சதும் ரெண்டு கையாலயும் அதை நெஞ்சோட அணைச்சுக்குவார், ரெண்டு மாசத்துல அந்த உறையோட நடுப்பகுதி மட்டும் நைஞ்சு போச்சு. உங்க மனைவிக்கும் ஒண்ணு கொடுங்க. குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க விடாதீங்க.

காய்ச்சல், காயத்துல நீர் கசியறது, அசையும்போது நெஞ்செலும்புல கிளிக்னு சத்தம், மூச்சு வாங்கறது, ரெண்டு நாள்ல திடீர்னு எடை ஏறறது, இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போங்க.

அழுகையும் எரிச்சலும் பைபாஸுக்குப் பிறகு நிறைய பேருக்கு வர்றதுதான், உங்கமேல கோபம்னு எடுத்துக்காதீங்க. பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல குறையும், குறையலைன்னா அதுக்கு மருத்துவம் இருக்கு, மனச்சோர்வை கவனிக்காம விட்டா இதயம் தேறறதும் தாமதமாகும். கார்டியாக் ரிஹாப்னு உடற்பயிற்சியும் ஆலோசனையும் சேர்ந்த ஒரு திட்டம் இருக்கு, உங்க டாக்டர்கிட்ட அதைக் கேட்டு வாங்குங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு நிமிஷம் நடங்க, அடுத்த வாரம் எட்டு நிமிஷம் ஆக்குங்க. அடுத்த செக்கப்ல காயத்தை மட்டும் காட்டிட்டு எழுந்து வந்துடாதீங்க, இந்த அழுகையைப் பத்தியும் சொல்லணும், நீங்க முந்திக்காம அவங்களையே சொல்ல விடுங்க.