கம்யூனிட்டி காலேஜில் மிச்சமாகும் பணம் எங்கே ஒழுகிப் போகிறது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். என் ஒருவன் சம்பளம்தான், வருடத்துக்கு 1,40,000 டாலர். மகள் 2026 ஆகஸ்டில் இங்கேயுள்ள கம்யூனிட்டி காலேஜான (இரண்டு வருடக் கல்லூரி) ஓலோனியில் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து யுசி டேவிஸுக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) மாறி மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க நினைக்கிறாள். 529 கணக்கில் (படிப்புக்கான வரிவிலக்குச் சேமிப்பு) 58,000 டாலர் இருக்கிறது. கிரெடிட்டெல்லாம் அங்கே செல்லுமா? நிஜமாகவே பணம் மிஞ்சுமா?

பதில்: மிஞ்சும். ஓலோனியில் கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவு) 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர்தான். டேவிஸில் கல்விக் கட்டணம் மட்டும் 15,000 டாலர் அளவில் வரும். விடுதி, சாப்பாடு, மற்ற செலவுகள் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 40,000-ஐத் தாண்டும். மகள் வீட்டிலிருந்தே போய் வந்தால் முதல் இரண்டு வருடம் 529-ஐத் தொடவே வேண்டாம். மெதுவாக வளரட்டும்.

ஆனால் டேவிஸில் இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியது மூன்றாக இழுத்தால் மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும், மகள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய ஒரு வருடச் சம்பளமும் கூடவே போகும். கிரெடிட் 'செல்லும்' என்பதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. யூனிட்டாக ஏற்றுக்கொள்வது ஒன்று, மேஜருக்குத் (பட்டத்துக்கான முக்கியத் துறை) தேவையான பாடமாக ஏற்றுக்கொள்வது இன்னொன்று. முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஓலோனியின் எந்தப் பாடம் டேவிஸின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது 'அசிஸ்ட்' தளத்தில் மேஜர் வாரியாக இருக்கிறது. முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள்.

'பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிடு' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். எஞ்சினியரிங்குக்கு அது சரிவராது. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் முதலில். பொதுப் பாடம் அப்புறம். ஓலோனியில் செமஸ்டர் முறை, வருடத்துக்கு இரண்டு பருவம்; டேவிஸில் குவார்ட்டர் முறை, மூன்று பருவம். இயற்பியல் தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அங்கே எங்கே சேர்வது என்பதே குழப்பம். தொடங்கிய தொடரை ஒரே இடத்தில் முடிக்கட்டும். மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் போதும். 70-க்கு மேல் யூனிட்டாகக் கணக்கில் வராது. சும்மா பாடம் சேர்த்துக்கொண்டே போவதால் லாபமில்லை.

இட உத்தரவாதம் தரும் 'டாக்' திட்டம் யுசியின் ஆறு வளாகங்களில் உண்டு, டேவிஸ் அதில் ஒன்று. ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும், அதுவும் மாறுவதற்கு முந்தைய செப்டம்பரில். எல்லா மேஜருக்கும் எல்லா வருடமும் கிடைக்கும் என்றில்லை. உங்கள் முறை 2027-ல் வரும். அந்த வருடப் பட்டியலைப் புதிதாகப் பாருங்கள்.

இனி வரி. கணவன் மனைவி சேர்ந்து வரிக்கணக்கு தாக்கல் செய்தால், உங்கள் வருமானத்துக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை முழுதாகவே கிடைக்கும்: வருடத்துக்கு 2,500 டாலர் வரை. கட்டணத்திலும் புத்தகத்திலும் முதல் 2,000 முழுதாகவும், அடுத்த 2,000-இல் கால் பங்கும் திரும்ப வரும். ஒரு மாணவருக்கு நான்கு வரி வருடங்கள்தான். மகள் படிப்போ 2026 முதல் 2030 வரை ஐந்து வரி வருடங்களில் விழுகிறது. அதனால் 2026-ஐ விட்டுவிடுங்கள். அந்த வருடம் ஒரே செமஸ்டர், 690 டாலர் அளவுதான் கட்டணம். மற்ற நான்கில் எடுங்கள். டேவிஸ் போனதும் வருடத்துக்கு முதல் 4,000 டாலர் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் 529-ஐ எடுங்கள். ஒரே செலவுக்கு இந்த வரிச் சலுகை, 529-இன் வரிவிலக்கு இரண்டையும் கேட்க முடியாது. செலவு செய்த அதே காலண்டர் வருடத்தில் 529 பணத்தையும் எடுத்துவிட வேண்டும். ஜனவரிக்குத் தள்ளினால் தலைவலி.

58,000 டேவிஸில் இரண்டு வருடத்துக்கு முழுதாகப் போதாது, 25,000-ஆவது குறையும். ஓலோனி வருடங்களில் மாதம் 800 டாலர் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கடன் சின்னதாகவே இருக்கும்.