நீரோட்டம் பார்ப்பவர் கையில் குச்சி தானாக வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன். இதை நம்பலாமா?

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. குச்சி வளையத்தான் செய்யும். கீழே தண்ணீர் இருந்ததால்தான் வளைந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு பல வருடம் சண்டையில்தான் முடிந்தது.

என் தாய்மாமா பினாங்கில், செபராங் பிறைப் பக்கம் இருக்கிறார். தோட்டத்தில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்தில் யார் கிணறு தோண்டினாலும் இடம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காசு வாங்க மாட்டார். கொய்யாக் கவட்டையின் இரு கிளைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, சற்று விரித்து இழுத்தபடி நடப்பார். ஓரிடத்தில் நுனி படக்கென்று கீழே இறங்கும். ஒருமுறை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குச்சி திரும்புகிறது. பட்டை உரிந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. மாமா நடிக்கவில்லை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

விரித்துப் பிடித்த கவட்டை நாணேற்றிய வில் மாதிரி. மணிக்கட்டு நூலளவு திரும்பினால் போதும், சட்டென்று புரண்டுவிடும். திருப்பியவருக்கே அது தெரியாது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் நூலில் தொங்கும் ஊசலை வைத்து இதைத் தன்மீதே சோதித்து 1833-ல் எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டதும் ஊசல் காட்டிய வித்தை நின்றுபோனது.

“அப்படியென்றால் இத்தனை கிணற்றில் தண்ணீர் வந்ததே?” என்பார் மாமா. நியாயமான கேள்வி. ஆனால் பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தாழ்வான வண்டல் நிலத்தில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் சில மீட்டரில் தண்ணீர் வரும். மாமா ‘இங்கே இல்லை’ என்று சொன்ன இடத்தையும் தோண்டிப் பார்த்திருந்தால்தான் கணக்கு சரியாகும். அதை யாரும் தோண்டியதில்லை.

போன தீபாவளி விடுமுறையில் மாமாவே சம்மதித்து ஒரு சோதனை செய்தோம். மூடி போட்ட ஐந்து வாளிகள், ஒன்றில் மட்டும் தண்ணீர். எதில் என்று தெரிந்தபோது பத்துக்குப் பத்தும் குச்சி சரியாக இறங்கியது. அப்புறம் என் தங்கை சீட்டு எடுத்து, சீட்டில் வந்த வாளியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். என் முகமே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நானும் மாமாவோடு முன்வாசலில் இருந்தேன். 20 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 4 சரியாக வரும். 12 வந்தால் நம்புகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். மாமாவுக்கு வந்தது 5.

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “இது நிற்கிற தண்ணீர்டா. ஓடுகிற தண்ணீர்தான் குச்சியை இழுக்கும்” என்றார். எனக்கு அது சாக்காகப் படவில்லை. ஏனென்றால் அதையும் சோதிக்கலாம்; சோதித்தும் இருக்கிறார்கள்.

1987, 88-ல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் ஓடும் குழாயை 10 மீட்டர் நீளத்துக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். நீரோட்டம் பார்ப்பவர்கள் மேல்தளத்தில் நடந்து இடம் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரிலிருந்து பொறுக்கி எடுத்த 43 பேர், 843 முறை. சிலருக்கு மட்டும் நிஜமான திறமை இருக்கிறது என்றார்கள் நடத்தியவர்கள். அதே எண்களைப் பின்னர் அலசிய அமெரிக்க ஆய்வாளர் ஜிம் என்ரைட், அந்தச் சிலர் ஒரு தடவை காட்டியதை மறு தடவை காட்டவில்லை என்றும், அவர்களில் சிறந்தவரே ‘எப்போதும் நடுவில்’ என்று சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான் கிடைத்திருக்கும் என்றும் காட்டினார்.

ஆகவே நான் நம்பவில்லை. நீங்கள் பார்த்த அந்த மனிதரிடம் ‘ஏமாற்றுகிறீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எது வந்தால் நீங்கள் நம்புவீர்கள், எது வந்தால் அவர் விட்டுவிடுவார் என்று இருவரும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மாமா எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்குத் தோட்டத்தில் மூன்று குழாய் புதைத்துத் தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறோம். எந்த ஆழம், எத்தனை முறை என்பதெல்லாம் அவர் சொன்னதுதான்.