முதலில் வறுக்கணும், அப்புறம்தான் கருக்கணும்

கேள்வி: ஆக்லாந்தில் இருக்கிறேன். வீட்டில் காய்ச்சிய ரம்மில் ஓக் துண்டுகளை கேஸ் அடுப்பில் கருக்கிப் போட்டேன். மூன்று வாரத்தில் நிறம் நன்றாக ஏறிவிட்டது. வாயில் வைத்தால் அடுப்புக்கரியும் கசப்பும்தான். வனிலா வாசம் வரும் என்றார்களே, எங்கே தப்பு?

பதில்: கத்திரிக்காயை அவசரமாகத் தீயில் சுட்டால் தோல் கரிந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். உங்கள் கட்டைக்கும் அதே கதிதான். நீங்கள் கருக்கியிருக்கிறீர்கள், வறுக்கவில்லை.

வாசம் பிறப்பது வறுப்பில். சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகி, பாகு முறுகுவது போல் முறுக ஆரம்பிக்கும். சூடு இன்னும் ஏற ஏற, மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னினிலிருந்து வனிலா வாசம் தரும் வனிலின் வரும். துவர்க்கும் டேனினும் குறையும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அடுப்புத் தீயில் இரண்டு நிமிடம் காட்டினால் மேல்தோல் தாண்டி எதுவும் நடக்காது.

கரியின் வேலை வேறு. அது வடிகட்டி, புதுச் சரக்கிலுள்ள கந்தக வாடையைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க பேர்பன் விஸ்கியைக் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. ஆனால் முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கும், ஆழமான கருக்கலான நான்காம் எண்ணுக்கே பீப்பாய்க்காரர்கள் தீ வைப்பது சுமார் 55 விநாடிதான். ருசி இருப்பது அந்தக் கரிக்குக் கீழே ஓடும் சிவந்த பட்டையில்.

சரி, செய்முறைக்கு வருவோம். வெள்ளை ஓக் வாங்குங்கள், வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்ததாக. மழைதான் டேனினைக் கழுவிவிடுகிறது. வேலி போட்டு மிஞ்சிய கட்டை மட்டும் வேண்டவே வேண்டாம்: உங்கள் ஊரில் வேலிக்கான பைன் மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

2 சென்டிமீட்டர் தடிமன், 10 சென்டிமீட்டர் நீளத்தில் அறுத்து, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். வீடு முழுக்க பேக்கரி வாசம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆறியதும் ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுப்பகுதி வரை பழுப்பு ஏறியிருக்க வேண்டும். வெளுப்பாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் வையுங்கள்.

அப்புறம் வெளியே போய், கேஸ் டார்ச்சால் இரண்டு பக்கம் மட்டும், பக்கத்துக்கு அரை நிமிடம். உடனே தண்ணீரில் முக்கி, உதிரும் கரியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சரக்கு ஜாடி அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. 60 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கின் ஆவி, தீ பட்டால் அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

55 முதல் 60 சதவீத ரம்மில், லிட்டருக்கு ஒரு கட்டை, கண்ணாடி ஜாடியில். நிறத்தை நம்பாதீர்கள், அது சில நாளில் ஏறிவிடும். ருசி வர மாதங்கள் ஆகும். வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் எடுத்து, தண்ணீர் கலந்து ருசி பாருங்கள். துவர்ப்பு தலைகாட்டினால் கட்டையை எடுத்துவிடலாம்.

மரம் மாயம் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சியதிலேயே கோளாறு என்றால் கட்டை காப்பாற்றாது. விஷமான மெத்தனாலைக் கரி எடுக்காது.

இப்போது கையிலிருக்கும் கரி ரம்மைக் கொட்ட வேண்டாம். கட்டையை எடுத்துவிட்டு, காப்பி ஃபில்டர் தாளில் வடித்து, அதில் ஒரு பங்குக்கு மரமே படாத வெள்ளை ரம் மூன்று பங்கு கலந்து, வறுத்த புதுக் கட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள்.

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினாலே குற்றம். இங்கிருந்து படிப்பவர்கள் கடையில் வாங்கிய வெள்ளை ரம்மில் இதே கட்டையைப் போட்டுப் பார்க்கலாம், 42.8 சதவீதம்தான் என்பதால் ருசி கொஞ்சம் வேறு மாதிரி இறங்கும்.