புதுக்கோட்டையில் பழகிய சைக்கிள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 50 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி 1999இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன், இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். போன மாதம் கிளினிக்கில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1 என்று வந்தது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் பத்து நிமிடம் நடந்தாலே குதிகால் வலிக்கிறது.

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவள் நான். அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, அப்புறம் பாருக்கு மேலே ஏறி, தங்கையைக் கேரியரில் உட்காரவைத்து டவுன் வரைக்கும் மிதித்திருக்கிறேன். நிச்சயதார்த்தம் ஆன அன்றைக்கு நிறுத்தியது. இப்போது மறுபடி ஓட்ட ஆசையாக இருக்கிறது. மகன் ஜிம் சைக்கிள் வாங்கித் தருகிறேன், வீட்டுக்குள்ளேயே மிதி என்கிறான். அவரோ, விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்கிறார். எங்கள் பகுதி முழுக்க மேடும் பள்ளமும்தான். நான் ஆரம்பிக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
சாட்ஸ்வொர்த்

*

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக ஆரம்பிக்கலாம். மற்றதெல்லாம் எப்படி என்பதுதான்.

நிச்சயதார்த்தத்தன்று நிறுத்தியதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அப்படிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாததால் பலரும் உங்களைப் போலப் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நீங்கள் அவர்களில் ஒருத்தி. இந்த ஊரில் உங்களுக்கு யாரும் சைக்கிள் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் உங்களை ஏமாற்றப்போவதும் அந்தப் பழக்கம்தான். என் கதையைச் சொல்கிறேன். 22 வருஷம் சைக்கிளைத் தொடாமல் இருந்தவள் நான். 51ஆம் வயதில், ஒரு செப்டம்பர் காலையில், கடற்கரை நடைபாதையின் வடக்குக் கோடியான புளூ லகூனிலிருந்து கிளம்பினேன். ஏறி உட்கார்ந்த பத்தாவது விநாடியில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஹேண்டில்பார் ஆடவில்லை, வளைவில் உடம்பு தானாகச் சாய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மைதானத்தைத் தாண்டி, ரிக்‌ஷாக்காரர்கள் நிற்கிற இடத்தையும் தாண்டி, துறைமுக வாய் வரைக்கும் போய்விட்டேன். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளியதை என் காலின் பலம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. பெரிய கியரில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மறுநாள் காலை வலது முட்டியை மடக்க முடியவில்லை. ஐந்து வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

பேலன்ஸ் மறப்பதே இல்லை. மூச்சும் தொடையும் முட்டியைச் சுற்றியுள்ள நார்களும் அப்படி இல்லை. அவற்றுக்கு 26 வருஷமாகச் சைக்கிளே தெரியாது. புதிதாகக் கற்கிற ஆளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பயத்தில் மெதுவாகத்தான் போவார். முன்பு நன்றாக ஓட்டியவர்கள்தான் முதல் வாரத்திலேயே பழைய தூரத்தைத் தேடிப்போய், வலி வந்து, இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். டவுன் வரை தங்கையை வைத்து மிதித்த அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாளைக்கு மறந்திருங்கள்.

முதல் இரண்டு வாரம் சமதரையில் பதினைந்து, இருபது நிமிடம் போதும். இன்னும் போகலாம் என்று தோன்றும்போதே இறங்கிவிடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் சரியான வேகம். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் குறையுங்கள். வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவு. அதை மூன்று மாதத்தில் எட்டினாலும் நல்லதே.

சர்க்கரை விஷயத்தில் தூரத்தை விட இடைவெளிதான் முக்கியம். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு உடம்பு நன்றாக இணங்குகிற நிலையும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை நிற்கும். அப்புறம் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் மிதிப்பதை விட, தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அங்கேதான் மகன் சொல்கிற ஜிம் சைக்கிள் உதவும். அதை மறுக்காதீர்கள். மழை நாளிலும், ஜனவரி மாதத்து டர்பன் புழுக்கத்திலும், கடற்கரைக்குப் போக முடியாத மாலையிலும் அதில் மிதியுங்கள். சர்க்கரைக்கு அதுவும் வேலைதான். ஆனால் அது மட்டும் என்றால் இரண்டு மாதத்தில் துணி காயப்போடுகிற கம்பியாகிவிடும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த வயதில் பெரும்பாலும் ஏறும்போதும் நிற்கும்போதும்தான் விழுகிறோம். பார் வைத்த சைக்கிள் வேண்டவே வேண்டாம். காலைத் தூக்காமல் உள்ளே நுழைத்து ஏறுகிற தாழ்ந்த ஃப்ரேம் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் என் உயரத்துக்குச் சேராத பெரிய சைக்கிளைத் தள்ளுபடி என்று கட்டிவிட்டார்கள், ஒரு வருஷம் அவஸ்தைப்பட்டேன். நீங்கள் கடை வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், கடற்கரையில் பலர் போடாமல் போவதைப் பார்த்து நீங்களும் விட்டுவிட வேண்டாம்.

சீட் உயரத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முட்டி போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிவரைக்கும் இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் சீட் அதிக உயரம், முட்டி மடங்கியிருந்தால் தாழ்வு. சரியாக வந்ததும் முன்பாதத்தைப் பெடலில் வைத்துப் பாருங்கள், முட்டி லேசாக மடங்கும். அதுதான் அளவு. முதல் சில நாள் தரையில் கால் ஊன்ற பயமாக இருந்தால் சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். கியர் எப்போதும் இலேசாக இருக்கட்டும். கால் வேகமாகச் சுற்றட்டும், அழுத்தி மிதிக்க வேண்டாம்.

குதிகாலுக்குச் சைக்கிளில் பாரம் அவ்வளவாக இல்லை, நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி. என்றாலும் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால்வலி சின்ன விஷயம் இல்லை. கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள், கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சைக்கிள் ஓட்டப்போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தாடை, தோள் பக்கம் வலித்தாலோ உடனே இறங்கி உதவி கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்பத் தாழ்வது அரிது. பின்னால் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் கதை வேறு. அப்போது புரட்டாசி விரதம், காவடி விரதம் என்று வெறும் வயிற்றோடு மிதிக்கக் கூடாது. இனிப்பு மிட்டாய் இரண்டு பையில் எப்போதும் இருக்கட்டும். இன்னொன்று, சைக்கிள் எலும்பை உறுதியாக்காது. நம் வயதில் அதுவும் வேண்டும், வாரம் இரண்டு நாள் சின்ன எடையாவது தூக்குங்கள்.

சாட்ஸ்வொர்த் மேட்டில் ஆரம்பிக்காதீர்கள், ஹிக்கின்சன் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். மினிபஸ் டாக்ஸிகள் இடம் விடாது. சைக்கிளைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். ஜூனில் சூரியன் 6.50 வாக்கில்தான் எழும், வெளிச்சம் வந்தபிறகு, ஆள் நடமாட்டம் உள்ள பகுதியில் மட்டும் ஓட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று கொடிகளைப் பார்த்து, முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் இருக்கும். கார் நிறுத்துகிற புல்லோரத்தில் சைக்கிளை உருட்டாமல் தூக்கி வையுங்கள். நம் ஊர் நெருஞ்சி இந்த நாட்டிலும் உண்டு, அதே மஞ்சள் பூ, அதே முள், டயரில் ஏறினால் பஞ்சர்தான்.

முடித்ததும் பசிக்கும். அரை மணி நேரம் மிதித்ததற்கு ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) என்று கணக்குப் போட்டால் 8.1 இறங்காது. வீட்டிலிருந்தே ஏதாவது கொண்டுவந்துவிடுங்கள்.

முதல் நாள் அவரையும் அழைத்து வாருங்கள். ஒரு பெஞ்சில் உட்காரட்டும். அவர் கண்ணில் படுகிற தூரத்துக்குள் இரண்டு முறை போய்வாருங்கள், பதினைந்து நிமிடம் ஆகிவிடும். நீங்கள் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, விழாமல் இறங்குவதை அவர் பார்க்கட்டும். டீ ஃபிளாஸ்க் அவர் கையில் இருக்கட்டும், சர்க்கரை போடாமல்.

அன்புடன்,
அக்கா