தன் உடம்பு, தன் இஷ்டமா?

கேள்வி: விஞ்ஞானி தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டால், அதற்கும் மனிதர் மீதான சோதனைகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டாம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் வயிற்றுப்புண் கிருமியைக் கலக்கிக் குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். குழுவிடம் கேட்கவில்லை, மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (இரண்டாவதுதான் பெரிய துணிச்சல்!) 2005-ல் நோபல் பரிசு.

என் மனதை மாற்றியது ஒரு நர்ஸ். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற மருத்துவர் கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்த நினைத்தார். மேலதிகாரி கூடாது என்றுவிட்டார். கருவிகளின் சாவி நர்ஸிடம். 'அப்படியானால் எனக்கே செய்யுங்கள்' என்றார் அந்த நர்ஸ். ஃபோர்ஸ்மன் அவரை மேஜையில் கட்டிவைத்துவிட்டு, தன் கையில் செருகிக்கொண்டார். அப்புறம் அவரை அவிழ்த்துவிட்டு, அவர் துணையோடு குழாயுடனேயே எக்ஸ்ரே எடுக்கப் போனார். ஃபோர்ஸ்மனுக்கும் நோபல் வந்தது, 1956-ல். ஆனால் அந்த நர்ஸ் கட்டுண்டு கிடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜெயித்தவர்கள் கதைதான் நம் காதுக்கு வருகிறது. பெரு நாட்டு மருத்துவ மாணவர் டேனியல் கரியோன் 1885-ல் தனக்கே நோயை ஏற்றிக்கொண்டு இறந்துபோனார்.

மனிதர் மீதான சோதனைகளுக்கென வந்த 1947-ன் நியூரம்பெர்க் விதிகள், மரண ஆபத்துள்ள சோதனைக்கு 'மருத்துவரே உட்படுகிறார் என்றால் ஒருவேளை' என்று கொஞ்சம் கதவைத் திறந்தே வைத்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசிரியர் முதலில் ஊசி போட்டுக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் மாணவர் எப்படி 'எனக்கு வேண்டாம் சார்' என்பார்? குழு முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.