அறுப்பு முடிந்ததும் கடலூர் வயல்களில் ஆட்டுக்கிடை (எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைப்பது) போடுகிறவர்கள் யார்? அதனால் என்ன லாபம்?

பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டுக்காரர்கள். அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் தை, மாசியில் காய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்பு முடிகிறது. கீதாரி எனப்படும் மூத்த ஆட்டுக்காரர் தலைமையில் சில குடும்பங்கள் சேர்ந்து, மந்தையை மேய்த்தபடியே வருவார்கள். உளுந்து தெளித்த வயலென்றால் அதைப் பிடுங்கிய பிறகுதான் கிடைக்கு இடம்.

பகலில் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் வலை கட்டி ஆடுகளை அடைத்து, இளங்குட்டிகளைக் கூடாப்பு என்கிற கூடை போன்ற கூண்டுக்குள் விடுவார்கள். மறுநாள் கிடை பக்கத்துத் துண்டுக்கு நகரும். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவதுதான் இதன் பலம். தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பங்கு மூத்திரத்தில் இருக்கிறது. குப்பைமேட்டு எருவில் அது வீணாகிவிடும். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில்தான். கிடை நகர்ந்ததும் தாமதிக்காமல் ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் சத்து காற்றோடு போய்விடும்.

கூலி பணமாகவோ நெல்லாகவோ பேசிக்கொள்ளலாம். தயவுசெய்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். நாய்க்கும் திருட்டுக்கும் பயந்து விடிய விடியக் கண்விழிப்பவர்கள் அவர்கள். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் கீதாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.